பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன பையன்

சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்த அந்தப் போதை மறுவாழ்வு இல்லத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். பிள்ளைகள் ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும். வீட்டார் வாரந்தோறும் வந்து வட்டத்தில் உட்கார வேண்டும். பிள்ளை என்ன செய்தான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவனுக்காக இந்த வாரம் நீங்கள் சொன்ன பொய் என்ன என்றுதான் கேட்பார்கள்.

அக்காவுக்குத் துணையாக நானும் போவேன். அவள் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வலி மாத்திரையில் தொடங்கிய பழக்கம், கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டது. எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில், தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம், பையன் பெங்களூரில் வேலையில் இருப்பதாக அக்காவின் கணவர் சொல்லி வைத்திருந்தார். வட்டத்தில் அதை அவர் ஒப்புக்கொண்டபோது, எதிரே இருந்த மீனவர் ஒருவர், "அட, என் புள்ளையும் அங்கதான் கீறான் அண்ணாத்த" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அக்கா மட்டும் வாரா வாரம், "நான் இன்னா பொய் சொன்னேன்? ஒண்ணும் இல்ல" என்பாள். மகனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு வருடம் கல்லூரிக்குப் போன் செய்தவள் அவள்தான். அதைப் பொய் என்றே அவள் நினைத்ததில்லை. துணி துவைப்பதுபோல அதுவும் அவனுக்குச் செய்யும் ஒரு வேலை.

நான்காம் மாதம், ஒரு புதன்கிழமை மதியம், அவன் இல்லத்திலிருந்து ஓடி வந்துவிட்டான். நானும் வீட்டில் இருந்தேன். அக்கா சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அவன் அவளுடைய போனை எடுத்து நீட்டினான்.

"உனக்கு உடம்பு முடியல, நீதான் கூப்ட்டன்னு சொல்லுமா. ஒரு வாரம் வூட்லயே இருந்துக்கறேன்."

முந்தைய வருடம் அப்படி வீட்டில் இருந்த ஒரு வாரத்தில்தான், குளியலறைக் கதவை உடைத்து அவனை நினைவில்லாமல் தூக்கினோம்.

அக்கா எண்ணை அழுத்தினாள். இல்லத்தின் பொறுப்பாளர் எடுத்தார். அக்கா சொன்னாள்: "சார், எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறேன். அவன்தான் ஓடியாந்துட்டான். பொய் சொல்லச் சொல்றான்."

அவன் தட்டைத் தள்ளினான். "நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"ஆமாண்டா. துன்னு முடி, பஸ்சு போயிடும்."

அதற்குப் பிறகும் அவன் இரண்டு முறை தடுமாறினான். இன்று பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். அவனைப் பற்றி நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை, அவனைத் திரும்ப இல்லத்தில் விடப் போகையில், செங்கல்பட்டில் பஸ் மாறினோம். அவன் எங்களைவிட்டு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தான். திருக்கழுக்குன்றத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. படிக்கட்டு அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அக்கா அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் வண்டி நின்றபோதும் அவள் எழவில்லை. அவன்தான் எழுந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"எறங்குமா. ஸ்டாப்பிங் வந்துட்ச்சி."