பின்வாசல் இல்லாத வீடு

மெட்ராஸ் கல்மண்டபத்தில் நாங்கள் குடியிருந்த போர்ஷனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், இடம் வேண்டுமாம். அடுத்து எங்கே போவது என்று என் கணவரும் அவருடைய அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து பேசினார்கள். என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அவர் அண்ணன் மளிகைக்கடைக்காரர். அவர் எங்களோடு குடியிருக்கவே போவதில்லை. சமைத்து, தண்ணீர் இறைத்து, அந்த வீட்டோடு மல்லுக்கட்டப் போகிறவள் நான். என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் இன்னொரு டம்ளர் காப்பிதான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பே கிடைத்த வேலை. எங்கள் வீட்டில் இருந்த பாத்திரம், பாய், பெட்டி எல்லாம் யார் யாரோ சீராகக் கொடுத்தவை. வேலை ஒன்றுதான் நானாகத் தேடிக்கொண்டது. எந்த ஊருக்குக் குடிபோனாலும் சரி, காலை மணி அடிக்கும்போது நான் வகுப்பில் நிற்க வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

என் கணவருக்கு எண்ணூர்ப் பைத்தியம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வாரக்கடைசியில் அவர்கள் படகு விடவும் காற்று வாங்கவும் வந்து தங்கிய பங்களாக்கள் எண்ணூரில் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஒருமுறை அவருடைய துரை ஏதோ காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லி அவரை அங்கே வரவழைத்திருக்கிறார். வராந்தாவில் நிற்க வைத்தே பேசி அனுப்பியும்விட்டார். அந்த வராந்தாவில் ஒருநாள் நாமே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று அன்றைக்கு இவர் மனதில் விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிறு என்னையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனார். கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்களா. அதன் பின்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. குடிதண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கடை கிடையாது. இவர் மணலில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“காத்தப் பாத்தியா! மெட்ராஸ்ல எவனுக்குக் கிடைக்கும் இது?”

“காலையில ரயில் எத்தனை மணிக்குங்க?” என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ரயில் இருந்தது. ஆனால் ஒன்று விடியுமுன்னே, இன்னொன்று பள்ளிக்கூட மணி அடித்த பிறகு. “அப்போ வேலையத்தான் விட்டுடேன். கடலைப் பாத்துக்கிட்டு ராணி மாதிரி இரு” என்றார். தாராள மனசு! என்னிடம் இருந்த ஒன்றை என்னிடமிருந்தே பிடுங்கி எனக்குத் தானம் கொடுத்தார்.

கல்மண்டபத்தில் எங்களுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அம்மாளிடம் மறுநாள் இதைச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். அவள் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அரிவாள்மணையில் மீன் அரிவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“கடலைப் பாத்துகினு குந்தறதுக்கு ஒரு வூடா? எங்க வூட்டு வாசலெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிகினு கீது, பாத்தியா? உன் வூட்டுக்காரருக்கு இன்னாமா பேஜாரு?”

நான் எண்ணூருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்காக ஒருவரும் அசையவில்லை. கணவரின் அண்ணன் வாயைத் திறந்தபிறகுதான் காரியம் நடந்தது. “கோயில் உள்ள ஊரு. நாலு பெரிய மனுசங்க இருக்கிற தெரு. சொந்தக்காரங்க வந்தா மரியாதையா இருக்கும்” என்று அவர் திருவொற்றியூருக்குக் கை தூக்கினார். என் பள்ளிக்கூடம் அதே ஊரில் இருப்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. எப்படியோ, நான் கேட்டது கிடைத்தது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்புறத் தெருவில் வீடு. அண்ணனும் தம்பியும் நானுமாகப் போன எங்களை வீட்டுக்கார அம்மாள் வெற்றிலை போட்ட வாயோடு வரவேற்றாள். நல்லவள்தான், பிற்பாடு எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதனால்தான் அவள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்றாள். சரி என்றோம். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, அந்த இரண்டு ஆண்கள் முன்னாலேயே சொன்னாள்:

“இது சாமி பொறப்பாடு போற தெருவும்மா. மாசத்துல அந்த மூணு நாளு முன்பக்கம் வரக் கூடாது. பின்னாடி ரூம்பு கீது, அங்க இருந்துக்க.”

“நான் பள்ளிக்கூடம் போகணுமே?”

“போயேன், யாரு வாணாங்கறா? பின்சந்து வழியா போய்ட்டு வா.”

நான் பதில் சொல்வதற்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து தலையாட்டிவிட்டார்கள். மூன்று நாள்தானே என்று எண்ணியிருப்பார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் நடக்கப்போகிற சந்தா?

பின்சந்து என்பது தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கக்கூஸ்களுக்கும் பின்புறம். காலையில் தோட்டி வேலை செய்யும் பெண் வாளியோடு வரும் வழி அது. புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, பாடப்புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு போவேன். சந்து முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை. அங்கே நிற்கிற தடியன்கள் நான் வெளியே வருவதைப் பார்த்து ஒருவனை ஒருவன் இடித்துக்கொள்வார்கள். எனக்கு எந்த வாரம் என்பது ஊருக்கே தெரிந்தது. தீட்டு வெளியே தெரியக் கூடாது என்று ஒளித்துவைக்கிற ஊர்தான், அதற்குத் தனியாக ஒரு பாதை போட்டு விளம்பரமும் செய்தது.

ஒருநாள் அந்தப் பெண் வாளியை ஓரமாக இறக்கி எனக்கு வழிவிட்டாள். “இன்னா டீச்சரம்மா, உன்னையும் இந்த வழியில உட்டுட்டாங்களா?” என்று கேட்டாள். கேலி இல்லை, பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்காவது மூன்று நாள் கழித்து முன்வாசல் உண்டு. அவள் அந்தத் தெருவுக்குள் முன்பக்கமாக ஒருநாளும் வந்ததில்லை. இதற்குப் பெயர் பெரிய மனுசங்க தெரு.

ஐப்பசி மழை என் மூன்று நாளில் வந்து சேர, இது முற்றியது. விடாமல் கொட்டி, சந்தில் முழங்காலளவு சாக்கடை. பின்கதவைத் திறந்ததும் கக்கூஸ்களில் இருந்ததெல்லாம் மிதந்து வந்தது. நான் கதவைச் சாத்தினேன். வீட்டுக்குள் திரும்பி நடந்து, கூடத்தைத் தாண்டி, ரேழி வழியாக வாசலுக்கு வந்தேன். குடையை விரித்தேன்.

“ஐயையோ, இன்னாடி அநியாயம் இது!” என்று வீட்டுக்கார அம்மாள் அலறினாள்.

என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒருநாள் லீவு போட்டா என்ன, குடியா முழுகிடும்?”

“என் குடி முழுகிடும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அன்று மணி அடிக்குமுன்பே வகுப்பில் இருந்தேன்.

சாயங்காலம் வந்தபோது எங்கள் பாத்திரங்கள் வாசலில் இருந்தன. வீட்டுக்கார அம்மாள் ரேழியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தகவல் போய்ச் சீக்கிரமே வந்துவிட்ட என் கணவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு களை இருந்தது.

“அப்போ எண்ணூரையே பாத்துருவமா?” என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த மனிதருக்கு ஊர்தான் கேள்வி. “நீங்க போங்க. காத்து வாங்குங்க. நான் இந்த ஊர்லதான் இருப்பேன். வீட்ட நான் பாக்கறேன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் எழுந்து என் பின்னால் வந்தார்.

பார்த்தேன். ரயில்வே கேட்டை ஒட்டி, வண்டி போகும்போதெல்லாம் அதிர்கிற ஒற்றை அறை. பக்கத்தில் குப்பம், எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. நான் கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கதவு இல்லை.

அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் ஓய்வுபெறும் வரை பள்ளிக்கூடம் போய்வந்தேன். பின்வாசல் இல்லாத வீட்டில் காற்றே வருவதில்லை என்று என் கணவர் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கதவு வெட்டிவிடலாம் என்று இரண்டு தடவை கொத்தனாரைக் கூட்டிவந்தார். இரண்டு தடவையும் நான் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன்.