தம்பூர் என்ற சொல்

ஒஸ்லோ நகரின் புருசெத்தில் கிளெமென்றைத் தெரியாத தமிழர் குறைவு. இருபத்தெட்டு வருடமாக அங்கே பஸ் ஓட்டுகிறார். மாதத்துக்கொரு முறை நடக்கும் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். மெதுவாகப் பேச அவருக்கு வராது. கோயிலில் இரகசியம் சொன்னாலும் பக்கத்து வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கும். நல்ல மனிதர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் செய்கிற சில காரியங்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அவருடைய ஒரே மகள் மேரின். கட்டாய இராணுவ சேவைக்கு அழைத்தபோது, அரசரின் காவற்படை வாத்தியக் குழுவில் சேரப் பரீட்சை எழுதி வாசித்துக் காட்டினாள். தேறியதும் முகாமிலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, என்னைத் தம்பூருக்கு எடுத்திட்டினம்."

கிளெமென்றுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம்புரா என்றுதான் அவர் காதில் விழுந்தது. வீட்டில் அவள் புல்லாங்குழல் ஊதுவாள். ஊதுகிற பிள்ளைக்குத் தந்தி மீட்டுவது பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டார். அடுத்த பூசை முடிந்ததும் கோப்பி குடிக்கிற இடத்தில், மகள் ராசாவுக்கு முன்னால் தம்புரா மீட்டப்போகிறாள் என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, மேல்மாடியில் இருக்கும் சென்னைக்காரர் ராகவன் மட்டும், அவ்வளவு பெரிய தம்புராவைத் தூக்கிக்கொண்டு எப்படி சார் மார்ச் பண்ணுவார்கள் என்று கேட்டார். இந்தியாக்காரருக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி என்று கிளெமென்ற் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாளில் மேரினின் படம் வந்தது. கறுநீலச் சீருடை, தோளில் வெள்ளைப் பட்டி, அதில் தொங்கியது ஒரு மேளம். நோர்வேஜிய மொழியில் தம்பூர் என்றால் படையில் மேளம் அடிக்கிறவர். இருபத்தெட்டு வருடம் இந்த மொழியில் பஸ் ஓட்டியும் அந்தச் சொல் அவரிடம் வந்து சேரவில்லை.

தவறாகக் கேட்டதில் வெட்கம் ஒன்றுமில்லை. எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். வெட்கம் வேறு இடத்தில் இருந்தது. அவர் பிறந்த தீவில் மேளம் அடிக்கிறவர்கள் யார், அவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சாவீட்டுப் பெட்டிக்கு முன்னால் பறையடித்து நடந்தவர்கள் வாசற்படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவர்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அப்படியே ஊற்றினார். ஒஸ்லோவில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்காததால் அது போய்விட்டது என்று நினைத்திருந்தார். மகளின் தோளில் மேளத்தைக் கண்டதும் அது முழுசாக அவருக்குள் எழும்பி நின்றது.

ஆகவே அவர் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. தம்புரா தம்புராவாகவே இருந்தது.

மேரினோ போன் எடுக்கும்போதெல்லாம் மேளக் கதைதான். துவக்குச் சத்தத்தில் தளபதி கத்துவது கேட்காது என்பதால் அந்தக் காலத்தில் மேளம்தான் கட்டளை சொன்னது. எழும்பு, நட, சுடு, பின்வாங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடி. அடித்தவர்களில் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன்கள். படைவீரரின் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாதவர்கள். கையில் துவக்கு இல்லாமல் குண்டுக்கு முன்னால் போனார்கள். சண்டை முடிந்ததும் காயப்பட்டவர்களைத் தூக்கியவர்களும் அவர்கள்தான். பட்டியல்களில் சிலருக்குப் பெயர்கூட இல்லையாம், மேளம் என்று மட்டும் இருக்குமாம். கிளெமென்ற் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கதையை மாற்றுவார்.

மே பதினேழு வந்தது, நாட்டின் பெருநாள். நடுநகரத்துத் தெருவோரத்தில் கிளெமென்றும் மனைவி யோசெப்பினும் நின்றார்கள். யோசெப்பின் மகளுக்கென்று றோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். எதிர்பாராமல் அருளானந்தனும் வந்து பக்கத்தில் நின்றார். பங்குச் சபைத் தலைவர், ஒரே தீவுக்காரர், கிளெமென்றைவிடப் பத்து வயது மூத்தவர்.

காவற்படை வந்தது. முன்னே ஊர்வலம் நெரிபட்டதால் அவர்களுக்கு நேர் முன்னால் அப்படியே நின்றுவிட்டது. எட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் மேரின், மேளத்தில் தடி வைத்தபடி. வரிசையில் நிற்கிறவர்கள் தலை திருப்பக் கூடாது. அவள் நேரே பார்த்தபடி நின்றாள்.

அருளானந்தன் கண்ணாடியைச் சரிசெய்தார். "கிளெமென்ற், உதிலை மேளத்தோடை நிக்கிறது எங்கடை மேரினெல்லோ?"

"சீ, அது ஆரோ இந்தியாப் பிள்ளை."

மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். யோசெப்பின் அவரைப் பார்த்தாள், பிறகு இரண்டடி தள்ளி நின்றாள். கட்டளை கேட்டது. மேரினின் தடிகள் எழும்பின. ஓர் அடிகூடப் பிசகவில்லை. கிளெமென்றுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது, ஆனால் வாய் திறந்து மாற்றிச் சொல்லவும் முடியவில்லை.

ஊர்வலம் முடிந்து பதினைந்து நிமிடம் ஓய்வு கிடைத்ததும் மேரின் அவர்களைத் தேடி வந்தாள். மேளம் தோளிலேயே இருந்தது. தாயைக் கட்டிப்பிடித்தாள். றோல்ஸ் பையை வாங்கிக்கொண்டாள். பிறகு தகப்பனைத் தாண்டி அருளானந்தனிடம் கையை நீட்டினாள்.

"வணக்கம் அங்கிள். நான் இந்தியாவிலையிருந்து வந்தனான்."

அருளானந்தன் அவளுடைய ஞானஸ்நானத்துக்கு வந்தவர். அவளைப் பார்த்தார், கிளெமென்றைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. யாருடைய கண்ணுக்குப் பயந்து கிளெமென்ற் இத்தனை மாதம் தம்புராவைக் காப்பாற்றினாரோ, அந்த மனிதர் மேரினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன்ரை அப்பாவைக் கண்டால் சொல்லு பிள்ளை, நீ நல்லா அடிச்சனீ எண்டு."

"சொல்லுறன் அங்கிள்" என்றாள் மேரின். கிளெமென்ற் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்.