தூணுக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சள்

திருவள்ளூரில் வெள்ளைக்காரன் காலத்து பேங்க் கட்டிடம் ஒன்று இருந்தது. முகப்பில் பெரியவர்களாலும் கட்டிப்பிடிக்க முடியாத வெள்ளைத் தூண்கள். அவற்றின் தலையில் கோபுரம் மாதிரியும் இல்லாத, கூரை மாதிரியும் இல்லாத ஒரு முக்கோணம். அப்பா அங்கே பியூன். அதனால் அது எங்களுடையது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு புயல் மழையில் தூண்களின் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. இடித்துவிட்டு சிமெண்டில் சதுரமாகக் கட்டலாம் என்று மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் சொன்னார்களாம். மானேஜர் ஒப்பவில்லை. பழையபடியே பூச, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர்.

பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்துதான் கடைசிப் பூச்சு. முட்டை கூடை கூடையாக வந்தது. வெள்ளை தூணுக்குப் போயிற்று. மஞ்சள் கருவைச் சாயங்காலம் மேஸ்திரியே தூக்குச்சட்டியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா பொரித்தாள், குழம்பில் விட்டாள், தோசைமேல் ஊற்றினாள். சட்டியைக் கண்டாலே நான் ஓடத் தொடங்கினேன்.

சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே கணவன் இறந்து எங்களிடம் வந்துவிட்டவள். வாசலுக்கே வராதவள், அதற்கு மட்டும் வந்தாள்.

ஒருநாள் மேஸ்திரி என்னிடம், "தூணு பளபளன்னு வந்துகினு கீது பாப்பா. உங்க அத்தைய ஒரு தபா வந்து பாக்கச் சொல்லு" என்றார். அத்தை என் பின்னால்தான் நின்றிருந்தாள். எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று இருந்தது.

நான் போய்ச் சொன்னதும் அப்பா அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பேங்குக்கு அனுப்பினார். மேஸ்திரி ஒரு வழவழப்பான கல்லால் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் கடுத்தது. அத்தை நகரவில்லை.

வேலை முடிந்ததும் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அத்தையைக் கட்டிக்கொடுக்கும்படி அப்பாவிடம் கேட்டார். அம்மா திகைத்துப்போனாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று முணுமுணுத்தாள். அப்பா அத்தையைப் பார்த்து, "நீ இன்னா சொல்றே?" என்றார்.

"அவரு வேல செய்றத பாத்தேன். அவசரப்படாத ஆளு" என்றாள் அத்தை.

கல்யாணம் கோயிலில் நடந்தது. சொந்தக்காரர்கள் பலர் வரவில்லை. பந்தியில் பாதி இலை காலி. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, பாயசம் வேண்டுமட்டும் கிடைத்தது. மானேஜர் கோட்டும் தொப்பியுமாக வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, காலி இலை ஒன்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பாயசம் ஊற்றப் போன அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஆவி பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.