அளந்து கொடுத்த காற்று

எங்கள் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்த அன்று, எங்களுக்கு இரண்டாவது கேஸ் இணைப்பு கிடைத்துவிட்டதாகத் தெருவில் பேச்சு கிளம்பியது. ஆளுயரத்துக்கு யார் கேஸ் சிலிண்டர் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் காற்றை வண்டி வைத்து வரவழைத்ததில்லை.

அப்பா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். வேலை நேரமெல்லாம் தவிட்டுத் தூசி, மிச்ச நேரமெல்லாம் சிகரெட் என்று நுரையீரல் பாழாகியிருந்தது. கூடத்திலிருந்து கொல்லைப்புறம் போவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். மூக்கில் குழாய் மாட்டிய பிறகுதான் மனிதர் மீண்டு வந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். செய்தித்தாளை வரி விடாமல் படித்து எல்லாக் கட்சிகளையும் பாரபட்சமில்லாமல் திட்டினார். சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்த அன்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். அந்த அறையில் நெருப்பே கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறியும் குப்பென்று பற்றிக்கொள்ளும். அப்புறம், சிலிண்டர் மீட்டருக்குள் மிதக்கும் குண்டு இரண்டு லிட்டர் கோட்டைத் தாண்டக் கூடாது. "இவர் மாதிரி நுரையீரலுக்கு இது மருந்தும்மா. அளவு மீறினா கெட்ட காத்து வெளியே போகாம உள்ளயே தங்கிடும். மயக்கத்துல கொண்டுபோய் விட்டுடும்" என்றார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அப்பாவின் அறையிலிருந்த சாமி படங்கள் விளக்கோடு சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. குண்டு கோட்டில் நிற்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்தாள்.

ஆனால் எங்களுக்கு ஓர் அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா, பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் அம்மாவைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்: கை இறுக்கமானவள். அம்மா அளந்து சமைப்பாள், வீணாக்க மாட்டாள். அத்தைக்கு அந்த ஒரு காரணம் போதும். அத்தை பரிமாறும் பந்தியில் எதையும் ஒரே கரண்டியோடு நிறுத்துவது வழக்கமில்லை. அது சாப்பிடுகிறவரை அவமதிப்பது. இலையைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி விழும்.

"இன்னாம்மா இது, ரெண்டு லிட்டருன்ற? பாலா ஊத்தற?" என்று முதல் நாளே ஆரம்பித்தார். "சாமிக்கு வெளக்கையும் எடுத்துட்ட. காத்தைக் கூடவா அளந்து குடுப்ப?"

"டாக்டர் சொன்னது அண்ணி" என்றாள் அம்மா.

"டாக்டர் சொல்வாரு. பிராண வாயுன்னு பேரே வெச்சிருக்காங்க. உசுரு அதிகமானா யாருக்காச்சும் கெடுதல் வருமா?"

அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் எங்கள் அத்தையை மனதில் வைத்து யோசிக்கவில்லை. அம்மா குனிந்து குண்டைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

வைகாசியில் கருட சேவை வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் வீடு இருந்தால் அன்று சொந்தபந்தம் பூராவும் வந்து இறங்கிவிடும். பெருமாளைச் சேவித்த கையோடு அப்பாவையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அடுப்பை விட்டு அசைய முடியவில்லை. ஏனாத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் சிநேகிதிகளோடு சுவாமி பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அத்தை அறை வாசலில் உதட்டில் விரலை வைத்தபடி நின்றிருந்தார்.

"சத்தம் போடாத. எப்டி தூங்கறான் பாரு. பாவம், மூச்சுக்குத் தவிச்சிக்கினு இருந்தான். நாந்தான் கொஞ்சம் தாராளமா தொறந்துவுட்டேன்."

சுற்றி நின்ற உறவினர்கள் அத்தையை மெச்சினார்கள். முகம் சிவந்து என்ன களையாக இருக்கிறது என்று ஒரு மாமா வியந்தார். குண்டு மீட்டரின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தவள் குமிழைத் திருகிக் குண்டைக் கோட்டுக்கு இறக்கிவிட்டு அப்பாவை உலுக்கினாள். கண் திறக்கவில்லை. அவ்வளவு பேரும் மெச்சிக்கொண்டிருக்க, அப்பா எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தெருவிலிருந்து டாக்டர் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு வந்தார். நாடியைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"யார் இதைத் திருப்பினது?"

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. மெச்சியவர்கள் டாக்டர் கண்ணில் படாமல் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் அம்மா. "மூச்சு வாங்கினாரு, மனசு கேக்கல."

அத்தனை பேர் முன்னிலையில் டாக்டர் அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, இயந்திரத்தால் மூச்சை உள்ளே தள்ளினார்கள். மறுநாள் அப்பா கண் விழித்தார். தன்னைக் கேட்காமல் வீட்டை விட்டு ஏன் தூக்கி வந்தீர்கள் என்று எங்களோடு சண்டை பிடித்தார். அந்தச் சண்டை போல் இனிமையான எதையும் நான் கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு, விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை எங்கள் அம்மாவுக்காகப் பரிந்து பேசினார். "அவளைத் திட்டாதீங்கபா. புருசன் மேல இருக்கற ஆசையில கொஞ்சம் தாராளமா தொறந்துவுட்டுட்டா." சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார் என்றுதான் தோன்றியது. தாராளம் என்ற பெயர் எங்கள் அம்மாவுக்கு வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் கிடைத்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "நடந்ததைச் சொன்னா என்னம்மா? ஏன் வாங்கிக் கட்டிக்கற?"

அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"தூக்கி வளத்த தம்பிய நம்ம கையாலயே சாகடிக்கப் பாத்தோமேன்ற நெனப்பு உள்ளயே தங்கிட்டா, அவங்களுக்கு மூச்சு நின்னுடும்மா" என்றாள். "உங்கப்பாவுக்காச்சும் சிலிண்டர் இருக்குது. அவங்களுக்கு நான் எதைக் கொண்டாந்து மாட்டறது?"