அட்ஜஸ்ட்மென்ட் மிஸ்

பெங்களூரில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தால் போதும், ஆயுசுக்கும் ஓட்டிவிடலாம். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவதாக இடுப்பை நுழைப்பவள் சொல்வது அட்ஜஸ்ட். குழாயில் தண்ணீர் வராத அன்று வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வதும் அதேதான். தையல்காரர் ரவிக்கையை அட்ஜஸ்ட் பண்ணுவார், மெக்கானிக் பிரேக்கை, ஆபீஸ் கிளார்க் தேதியை. மாமியார் சாம்பாரில் கூடிப்போன உப்பை அட்ஜஸ்ட் பண்ணிவிட்டு, அப்படியே திரும்பி மருமகளையும் பண்ணிக்கொள்ளச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் கேட்பார்கள். எவனாவது முறைத்துக்கொண்டு கேட்டதுண்டா? முறைத்தால் பதிலுக்கு நாமும் முறைக்கலாமே, அந்த வசதியும் கிடையாது.

நீலசந்திராவில் குடியிருக்கும் பிரிஜெட்டுக்கு நாற்பத்தொன்பது வயது. பி.எட். பாதி படித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள். "ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணும்மா, அப்புறமா முடிச்சுக்கலாம்" என்றார் அப்பா. அம்மா ஏழு வருஷம் படுத்திருந்தாள். பிறகு ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஒரு காது கேட்காது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார்கள். அவள் பண்ணிக்கொண்டாள். அந்த மகராசன்தான் பெண் கறுப்பு என்று சொல்லிவிட்டுக் கோயில் வாசலோடு திரும்பிப் போனான். அவனுக்குக் கேட்காத காதில் அவள் என்னென்ன திட்டினாள் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்கு வேறொருவரை அனுப்புவதற்கு அட்ஜஸ்ட்மென்ட் பீரியட் என்று பெயர். மற்ற பள்ளிகளில் அதை எல்லா டீச்சர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே அதற்கென்றே ஒருத்தியை வைத்திருந்தார்கள், அவள்தான் பிரிஜெட். தினமும் காலை எட்டு இருபதுக்கு அவள் கையில் ஒரு சீட்டு வரும். கன்னட டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கன்னடம். டிரில் மாஸ்டர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தில் விசில். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று நாற்காலிகூடக் கிடையாது, யார் வரவில்லையோ அவர்களுடையதில் உட்காருவாள். இருபத்தோரு வருஷம் இப்படியே போயிற்று. பிள்ளைகள் அவளை அட்ஜஸ்ட்மென்ட் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பெயர் பிரிஜெட் என்று தெரிந்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு மே மாதமும் அவள் பிரின்சிபால் யூஜின் முன்னால் போய் நிற்பாள்.

"சார், இந்த வருஷமாவது எனக்குன்னு ஒரு கிளாஸ் குடுங்க சார்."

தமிழில் பேசிக்கொண்டிருக்கும் மனுஷன் இந்த ஒரு பதிலுக்கு மட்டும் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். "இந்த வருஷம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, பிரிஜெட்." கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று அர்த்தம். சொல்லிவிட்டு மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அவள் கேட்டது பெரிய பதவியெல்லாம் இல்லை. காலையில் ஒரே அறைக்குள் நுழையவேண்டும், ரிஜிஸ்டரில் அதே நாற்பது பேரைக் கூப்பிடவேண்டும், கரும்பலகை மூலையில் கிளாஸ் டீச்சர் என்று போட்டுத் தன் பெயரை எழுதவேண்டும். அவ்வளவுதான். அதற்காக அவள் எதையும் செய்வாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

ஐந்தாம் வகுப்பு பி பிரிவுக்கு குளோரியா கிளாஸ் டீச்சர். இருவருக்கும் ஒரே சர்ச். டிபன் டப்பாவைத் திறந்தால் பாதி இவளுக்குப் போய்விடும், அப்படிச் சிநேகம். போன ஜூலையில் குளோரியாவுக்கு மார்பில் கட்டி, கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அலமாரிச் சாவியை பிரிஜெட்டின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நான் வர்ற வரைக்கும் நீதான்டி என் பிள்ளைங்கள பாத்துக்கணும். வேற யாரு பேரு சொன்னாலும் சார்கிட்ட ஒத்துக்க மாட்டேன்னுட்டேன்."

பிரிஜெட் அழுதாள். நிஜமாகவே அழுதாள், பொய் இல்லை. மறுநாள் காலை கரும்பலகை மூலையில் தன் பெயரை எழுதிவிட்டு நாலு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதுவும் நிஜம்தான். ஆறு மாதம் அந்த வகுப்பை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். நாற்பது பேரின் பிறந்தநாளும் அவளுக்கு மனப்பாடம். சுவரெல்லாம் புது சார்ட். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "எங்க பொண்ணு இப்பல்லாம் லீவே கேக்கறதில்ல மிஸ்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் குளோரியாவுக்காக எல்லாரும் ஜெபித்தார்கள். குணமாக்கும் ஆண்டவரே என்று பிரிஜெட்டின் வாய் சொன்னது. ஒண்ணும் அவசரமில்லை ஆண்டவரே என்று மனசு சொன்னது. சீச்சீ, இதென்ன புத்தி என்று தன்னையே வைதுகொண்டாள். அடுத்த ஞாயிறும் மனசு அதையேதான் சொன்னது.

ஆண்டவர் வாய் சொன்னதையே கேட்டார். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு குளோரியா வந்தாள். மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். ஆறு மாதமாக ஊட்டி வளர்த்தவள் ஓரமாக நிற்க, எல்லாம் போய் அவளிடம் ஒட்டிக்கொண்டன. பிரிஜெட்டுக்கு வயிறு எரிந்தது.

"கிளாஸ நல்லா வெச்சிருக்கடி. திங்கட்கிழமை ஜாயின் பண்றேன்" என்றாள் குளோரியா. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்த மருந்துக்கப்புறம் ஞாபகமே நிக்கல. பாதி பேச்சுல வார்த்தை போயிடுது. பெருக்கல் வாய்ப்பாடுகூடத் தப்புது. கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

"சேச்சே, நான் போய்ச் சொல்லுவேனா?" என்றாள் பிரிஜெட்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதினாள். மாணவர் நலன் கருதி என்று ஆரம்பித்தாள். வாய்ப்பாடு தப்புவதை எழுதினாள், வார்த்தை மறப்பதை எழுதினாள், மாடிப்படியில் இரண்டு முறை நின்றதையும் விடவில்லை. இருபத்தோரு வருஷம் மற்றவர்களின் விடைத்தாளைத் திருத்திப் பழகிய கை, ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கொண்டுபோய் சார் கையில் கொடுத்துவிட்டாள். குளோரியா போய்விட்டால் வகுப்பு யாரிடம் இருக்கிறதோ அவளுக்குத்தானே? அப்படித்தான் நினைத்தாள் பைத்தியக்காரி. இருபத்தோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தும் அவளுக்கு அவ்வளவுதான் புரிந்திருந்தது.

திங்கட்கிழமை யூஜின் அவளை உட்காரவே சொன்னார். முதல் தடவை.

"நல்ல வேளை, டயத்துக்கு எழுதிக் குடுத்தீங்க. பேரன்ட்ஸ் காதுக்குப் போயிருந்தா என்ன ஆகறது? குளோரியா கிட்டயும் காலையில லெட்டரக் காமிச்சேன். மறைக்கல, ஒத்துக்கிட்டாங்க."

"அவங்ககிட்டயே காமிச்சீங்களா சார்?"

"பின்ன? காரணம் சொல்லணும்ல. ஃபைவ் பி-க்கு ரக்ஷான்னு ஒரு பொண்ணு, பி.எட். முடிச்சிருக்கா, புதுசா எடுத்திருக்கோம், மாடிக்கு கிளாஸுக்குப் போயாச்சு. ரிஜிஸ்டர அவகிட்ட குடுத்துடுங்க."

"சார், அந்தக் கிளாஸ் நான்..."

"உங்களுக்கு பி.எட். இல்லையேம்மா, இன்ஸ்பெக்ஷன்ல யாரு பதில் சொல்றது? குளோரியாவையும் இந்த உடம்போட வெளிய அனுப்ப முடியாது, பாவம். முழு கிளாஸ் பொறுப்பு இல்லாம எதாவது குடுக்கணும். அட்ஜஸ்ட்மென்ட் பீரியட அவங்க பாத்துக்கட்டும்."

"அது என் வேலை சார்."

"அதான் சொல்றேன். ஒரு வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு?" யூஜின் சிரித்த முகமாகவே இருந்தார். "மாசக் கடைசி வரைக்கும் வாங்க. அந்தச் சீட்டெல்லாம் எப்படின்னு அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

மணி அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படிக்கட்டுக்குக் கீழே குளோரியா நின்றிருந்தாள். கையில் அன்றைய சீட்டு, மூன்றாம் வகுப்பு ஏ, கணக்கு. பிரிஜெட்டுக்கு ஓடி ஒளியத் தோன்றியது. ஒளிய இடமில்லை.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தடவ ஊசி ஏத்தும்போதும் உன் பேரச் சொல்லித்தான் ஜெபிச்சேன்" என்றாள் குளோரியா. குரலில் கோபமே இல்லை. "என் பிள்ளைங்களுக்கு ஒரு நல்லவள குடுத்தியே ஆண்டவரேன்னு."

"குளோரியா, நான் வந்து..."

"வேணாம். எவ்ளோ அழகா எழுதியிருந்த. ஒரு அடித்தல் இல்ல."

குளோரியா படியில் கால் வைத்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிரிஜெட் பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"கைய எடு" என்றாள் குளோரியா.

பிரிஜெட் எடுத்தாள். குளோரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஆறாவது படியில் ஒரு தரம் நின்றாள், திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் ஏறினாள். மேலே ஐந்து பி-யில் புது டீச்சர் ரிஜிஸ்டருக்காகக் காத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க பிரிஜெட்டும் அதே படியில்தான் ஏறவேண்டியிருந்தது.