கலா வீட்டு டிரம் தண்ணீர்

இன்று காலை டிரம் தண்ணீரில் கொசுப்புழு மருந்து ஊற்ற வந்த சுகாதாரப் பணிப்பெண்ணை, எதிர்வீட்டுக் கலா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவள் குழந்தைக்கு இரண்டு வயது. மலேரியா வந்து, ரத்தம் குறைந்து, உதடு வெளுத்து இன்னும் சுருண்டு கிடக்கிறது.

"இன்னாம்மா கலா, திரும்பவும் ஜுரம் வந்தா புள்ள தாங்குமா?" என்றேன்.

"நீங்கதான பெரியப்பா சொன்னீங்க, தண்ணில எவன் எத கலந்தாலும் விடாதீங்கன்னு?"

"அது தோல் கம்பெனிக் கழிவும்மா. இது மருந்து."

"ரெண்டும் கெமிக்கல்தான?"

சொன்னேன்தான். தோல் கம்பெனிகள் தண்ணீரில் கழிவு விடக்கூடாது என்று ஆம்பூர்த் தெருக்களில் இருபது வருடம் கத்தினேன். அது இன்றும் தப்பில்லை. எந்த முதலாளியும் கேட்கவில்லை. கேட்டவள் கலா ஒருத்திதான்.

டிரம்மில் புழு நெளிகிறது. யாராவது வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னதைத்தான் அவள் ஏற்கனவே கேட்டுவிட்டாளே.