ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், ஃபெடரல் ஹைவேயில், காருக்குள் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறீர்களா? நான் ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை.

கார் என்னைவிட முப்பது வயது மூத்தது. பிரிட்டிஷ்காரன் செய்தது, அதனால்தான் ஹீட்டர். வாங்கிய ஐந்து மாதத்தில் நான்கு தடவை கொதித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. நான்காவது தடவை பின்சீட்டில் அம்மா பாசாரில் வாங்கிய மீன் இருந்தது. அன்றோடு முடிவெடுத்துவிட்டார். ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய கார் வாங்குகிற அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அம்மா விலையும் பேசி வைத்தார்.

"இன்னொரு தடவ கொதிச்சா அவருக்கு போன் போட்ருவேன். அப்புறம் அழக்கூடாது."

விடுவேனா? ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே தண்ணீர் பாய்ச்சினேன். தே தாரிக் டீ நிறத்தில் துரு கொட்டியது. வெடித்த ஹோஸ்களை மாற்றினேன். மூடியில் ரப்பர் செத்திருந்தது, புது மூடி போட்டேன். அப்புறம் தெர்மோஸ்டாட்: எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டிய குட்டி வால்வு. அம்மாவின் ரசச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாய் திறக்கவில்லை. அம்மா திறந்தார். அந்தச் சட்டி இப்போது என்னுடையது.

புது தெர்மோஸ்டாட்டோடு கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக் கிளம்பினோம். பங்சார் பக்கம் ஜாமில் ஊர்ந்தபோதுகூட சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. நான் ராஜா. கோயில் வாசலில் ஐயர் காருக்குப் பூஜை போட்டார், எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அம்மா மாலை வாங்கி வந்தார். லோரிக்குப் போடுகிற சைஸ். முன்பக்கக் கம்பிகளில் மூன்று சுற்று சுற்றிக் கட்டினார்.

"போதும்மா!"

"கொஞ்சமா போட்டா கொஞ்சமாத்தான் காப்பாத்தும்."

திரும்பும்போது, சுபாங் பக்கத்தில் ஊசி ஏறியது. எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரைத் திறந்தேன்.

"டேய், காலு வேகுது!"

"ஹீட்டர்மா. கொஞ்ச நேரம்."

"அப்ப கொதிக்குதா?"

"கொதிக்கல லா! சூடா இருக்கு."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஸ்ரீ கெம்பாங்கான் அங்கிள்."

அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் திருப்பினேன். ஊசி சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். காற்று அடித்த அடியில் மூன்று சுற்று மாலையும் கம்பிகளோடு அப்பளமாக ஒட்டியிருந்தது. பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு ஓர் ஈ போக இடமில்லை.

"நீதான்மா! காத்து போற வழிய மொத்தமா அடச்சிட்ட. கோயிலுக்குப் போகும்போது மால இல்ல, சூடும் இல்ல!"

"சாமி மாலைய பாதி வழில கழட்டுவாங்களா?"

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் கத்தினார்: "தம்பி, மாப்பிள கார் வந்துருச்சு, பொண்ணு எங்க?"

"ஐயர் காருக்கு மால போடச் சொன்னாரு. ரேடியேட்டருக்கா போடச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

அம்மா போனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு அவரே அவிழ்த்து, பின்சீட்டில் துண்டு விரித்துப் பக்குவமாக வைத்தார். அன்று மீன் இருந்த அதே இடம். எஞ்சின் ஆறியபின் கிளம்பினோம். ஷா ஆலாம் தாண்டுவதற்குள் ஊசி பாதிக்கு இறங்கியது. ஹாரனை அடித்துக்கொண்டே கத்தினேன். அம்மா அங்கிளுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, காரு விக்கல. அதுக்கு ஒண்ணுமில்ல. யாரோ மாலைய தப்பா கட்டிட்டாங்க."

இப்போது கார் வீட்டு முன்னால் நிற்கிறது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.